நாற்றோடு வரும் பூச்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்டார்டிகாவுக்கு வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த பூச்சிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவன் நான். அண்டார்டிகாவை ஒட்டிய சிக்னி தீவில் நடந்ததைப் படிக்கப் படிக்க எங்கள் தோட்டம்தான் கண்ணுக்குள் வந்தது.

1960களில் ஆராய்ச்சிக்காக வேறு தீவிலிருந்து செடிகளைக் கொண்டுபோய் அங்கே நட்டார்கள். அவற்றோடு இறக்கையில்லாத ஒரு சின்ன ஈயும் போய்விட்டது. அதற்கு ஆண் துணையே வேண்டாம், பெண்ணே தனியாக முட்டையிட்டுப் பெருகிவிடும். அதன் புழுக்கள் பாசிக்கு அடியில் மக்கியதைத் தின்று வாழ்கின்றன. அவை இருக்கிற இடத்தில் மண்ணில் நைட்ரேட் மூன்று முதல் ஐந்து மடங்கு கூடியிருக்கிறதாம். மண்ணில் சத்து கூடினால் நல்லதுதானே என்று விவசாயிக்குத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பவை சத்தில்லாத மண்ணில் மெதுவாக வளர்ந்து பழகிய பாசிகள். மண் மாறினால் வெளிச்செடிகள் வேர்விடத் தோதாகிவிடும். பறக்கத் தெரியாத அந்த ஈ, ஆட்கள் நடக்கிற தடத்தை ஒட்டிப் பரவியிருக்கிறது. பூட்ஸில் ஒட்டிய மண்தான் அதற்கு வண்டி.

எங்களுக்கு வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இந்தியாவில் முதலில் கண்டது 2008இல், நம் கோவையில். அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று, "ஏனுங்க, மல்பெரி மேல சுண்ணாம்பு தெளிச்சு வெச்சீங்களா?" என்று கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கொழுந்து சுருண்டு முடிச்சாகி, பஞ்சு அப்பியது போல வெள்ளையாக இருந்தது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது, தண்டு முழுக்க எறும்பு. மருந்தடித்தால் அந்தத் தழையைத் தின்னும் புழு செத்துவிடும். புழு வளர்ப்பு மனையில் நாலாவது தோல் உரித்துத் தழைக்குக் காத்திருந்த புழுக்களை வாரி எருக்குழியில் கொட்டினேன். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோட்டங்களில் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. ஓலையெல்லாம் கரி பூசினது போலக் கறுத்ததை அந்தப் பக்கம் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அண்டார்டிகா போகிறவர்கள் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, பையின் மடிப்பையெல்லாம் உதறிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இங்கே வேர் மண்ணோடு நாற்று லாரி லாரியாக வந்து இறங்குகிறது, இலையைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. நாற்றுப் பண்ணைகளிலேயே சோதித்துச் சான்று தரும் முறையைக் கண்டிப்பாக்க வேண்டும். இதைப் பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இப்போது எந்த நாற்று வாங்கினாலும் மூன்று வாரம் கிணற்று மேட்டில் தனியாக வைத்துப் பார்த்த பிறகே காட்டுக்குள் இறக்குகிறேன்.

இப்படிக்கு,
பட்டு விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.