வீக்கம் வேறு, அழற்சி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, நீர்வழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி) பற்றிய கட்டுரையைப் படித்தேன். வயதான ஆண்கள் வெளியே சொல்லக் கூசுகிற தொல்லையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு சொல் உறுத்தியது. சுரப்பி பெரிதாவதையும் 'வீக்கம்' என்கிறீர்கள், அதன் திசுவுக்குள் உடலின் எதிர்ப்பு அணுக்கள் கூடி நிற்கும் அழற்சியையும் 'வீக்கம்' என்கிறீர்கள். 34 ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் நான். வீக்கம் என்று காதில் விழுந்தால் நம் ஆட்கள் என்ன மாத்திரை கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் மைத்துனருக்கு 68 வயது. ஸ்கேன் எடுத்த இடத்தில் 'புராஸ்டேட் வீங்கியிருக்கிறது' என்றார்களாம். மூட்டுவலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோபினாக்கைத் தினம் இரண்டு வேளை போட ஆரம்பித்துவிட்டார். இடையில் சளி பிடிக்க, அதற்கும் ஒரு மாத்திரை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு சொட்டுகூட நீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நெரித்தார். டியூப் போட்ட பிறகுதான் முகத்தில் உயிர் வந்தது.

சிறுநீர்ப்பை சுருங்கி நீரைத் தள்ளுவதற்குப் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உதவுகிறது. வலி மாத்திரை அதன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. இவ்வகை மாத்திரை சாப்பிடும் ஆண்களுக்குத் திடீர் சிறுநீர் அடைப்பு வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2005இல் சொன்னது. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎபிட்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், குளோர்பெனிரமின் பையின் தசையைச் சோர வைக்கும்.

புராஸ்டேட் பெரிதாவதில் அழற்சிக்குப் பங்குண்டு என்று கட்டுரை சொல்வது சரிதான். 2003இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 3,047 ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் திசுவை எடுத்துப் பார்த்தபோது, பத்துக்கு நான்கு பேர் என்ற கணக்கில் நாட்பட்ட அழற்சி தென்பட்டது. சுரப்பி பெரிதாக இருந்ததும் அடைப்பு அதிகம் வந்ததும் அவர்களுக்கே. ஆனால் அது நுண்ணோக்கியில் தெரிகிற அழற்சி. பெரும்பாலும் கிருமி இருக்காது, ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையில்லை.

அந்த அழற்சியைக் குறிவைத்து வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. செல்போன் விளம்பரம் பார்த்துவிட்டு சா பால்மெட்டோ என்ற ஒருவகைப் பனைப் பழச் சாற்று மாத்திரையைக் கேட்டு வருகிறார்கள். மூன்று மடங்கு அளவு கொடுத்தும் வெற்று மாத்திரையைவிடப் பலனில்லை என்று 2011இல் தெரிந்துவிட்டது. டாக்டர் எழுதித் தரும் மருந்துகளில், டாம்சுலோசின் சில நாட்களில் நீர்வழியைத் தளர்த்தும். பினாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும். பினாஸ்டெரைடையும், டாம்சுலோசின் போலவே வழியைத் தளர்த்தும் டாக்சசோசினையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது என்பதும் அதே 2003 ஆய்வில்தான்.

இனி எழுதும்போது ஒன்றைப் 'புராஸ்டேட் பெருக்கம்' என்றும் மற்றதை 'அழற்சி' என்றும் பிரித்து எழுதுங்கள். நீர் பிரியச் சிரமப்படுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ சளி மாத்திரையோ போட வேண்டாம் என்று கட்டம் கட்டிப் போடுங்கள். மார்கழிக்கு முன்பே வந்தால் நல்லது. சளி மாத்திரை அதிகம் விற்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.