முன்ஃபோர்க் பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே?

அமெரிக்காவில் ஜனங்கள் எப்படிப் பொழுது போக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சனி, ஞாயிறு வந்தால் தலை நரைத்தவர்கள்கூட 1970களின் மைக்கோ, சி.இசட்., ஹோண்டா எல்சினோர் என்று பழைய பந்தய மோட்டார்சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு மண் டிராக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே எஞ்சினைவிட அதிகம் பேசப்படுவது முன்ஃபோர்க்தான், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி மேடுபள்ளத்தில் அமுங்கி எழும் இரண்டு கால்கள். உங்கள் கைக்கு வந்திருக்கும் வண்டிக்கு எந்த ஃபோர்க் போடலாம் என்ற கேள்விக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் விதி. இங்கே பழைய வண்டிப் பந்தயங்களை நடத்தும் ஏ.எச்.ஆர்.எம்.ஏ., விண்டேஜ் பிரிவில் முன்சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது அசைவு, 7 அங்குலம், பின்சக்கரம் 4 அங்குலம், அதற்கு மேல் கூடாது என்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஃபோர்க் அசைவு 12 அங்குலத்தை நெருங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஃபோர்க்கைக் கொண்டுவந்து 1973 வண்டியில் மாட்டினால் விதிக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தாலே ஹெட் கோணம் (ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு) ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும். வளைவில் முன்சக்கரம் வெளியே ஓடப் பார்க்கும். 9 அங்குல ஃபோர்க்தான் கிடைத்தது என்றால், உள்ளே டேம்பர் ராடில் (ஆயில் போகும் ஓட்டைகள் உள்ள நடுத்தண்டு) ரீபவுண்டு ஸ்பிரிங்கோடு (ஃபோர்க் நீளும்போது கடைசியில் தாங்கும் சின்ன ஸ்பிரிங்) 51 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள். அசைவும் 51 மி.மீ. குறையும், ஃபோர்க் நீளமும் அவ்வளவே குறையும். மெயின் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ஸ்பேசரையும் (இடைக்குழாய்) அதே அளவு வெட்ட மறந்தால் ஸ்பிரிங் இறுகிப்போய் முன்பக்கம் கட்டைபோல நிற்கும்.

ஆனால் ஃபோர்க்கை மாற்றுவதற்கு முன், இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். 35 மி.மீ. பைப் உள்ள, செரியானி என்ற இத்தாலியக் கம்பெனியின் மாதிரி ஃபோர்க்குகள் மெலிதுதான், ஆனாலும் பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் பைப்பின் தடிமன் இல்லை. வளைந்த பைப், செத்த ஸ்பிரிங், அழுக்கு ஆயில். பைப்பை வி-பிளாக்கில் வைத்துச் சுழற்றி டயல் கேஜால் பாருங்கள். முள் காட்டுவதில் பாதிதான் வளைவு, அது 0.2 மி.மீ. தாண்டினால் அந்தப் பைப்பை விட்டுவிடுங்கள். குரோமில் புள்ளிப்புள்ளியாகத் துரு குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். வடித்த ஆயில் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் அலுமினியம் தேய்கிறது என்று அர்த்தம். புஷ் (தேய்மானம் தாங்கும் வளையம்) இல்லாமல் பைப் நேராகப் பாட்டத்திலேயே (கீழே இருக்கும் அலுமினியக் கால்) ஓடும் மாடல்களில் இது பெரிய செலவு. லேத்தில் கடைந்து புஷ் இறக்க வேண்டும், இல்லையென்றால் வேறு பாட்டம் தேட வேண்டும்.

கழற்றும்போது வரிசை முக்கியம். வண்டியில் இருக்கும்போதே மேல் கிளாம்பைத் தளர்த்திவிட்டு மேல்மூடியை இளக்குங்கள். அடியில் இருக்கும் அலன் போல்ட்டை, ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு முயன்றால் டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றும்.

ஸ்பிரிங்கை அளவு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுபவர் முழு உடுப்போடு உட்காரும்போது மொத்த அசைவில் கால் பங்கு, அதாவது 7 அங்குல ஃபோர்க்கில் சுமார் 45 மி.மீ. அமிழ வேண்டும். அதற்கு 25 மி.மீ.க்கு மேல் பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) தேவைப்பட்டால் ஸ்பிரிங் மெலிது. 40 சுற்று ஸ்பிரிங்கில் 4 சுற்றை வெட்டினால் விறைப்பு 11 சதவீதம் கூடும். வெட்டிய நீளத்துக்குக் குழாய் ஸ்பேசர் வையுங்கள்.

இனி டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை ஆயில் அடக்குவது. பழைய டேம்பர் ராடில் ஆயில் வெறும் ஓட்டை வழியாகத்தான் போகிறது. மெதுவாக அமுங்கும்போது தடையே இல்லை, பிரேக் பிடித்தால் மூக்கு கவிழும். சதுர மேட்டில் வேகமாக அடிபட்டால் ஆயில் அடைத்துக்கொண்டு மணிக்கட்டில் இடிக்கும். ஆயிலைத் தடிப்பாக்கினால் ஒன்று தீரும், மற்றது மோசமாகும். இதற்கு நல்ல மருந்து எமுலேட்டர் வால்வு. மெதுவான அசைவில் ஆயிலைத் தடுக்கும், பலத்த அடியில் திறந்துகொள்ளும். டேம்பர் ராடின் தலைமேல் உட்காரும், ஸ்பிரிங்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். ராடின் கீழ்ப்பகுதியில் 8 மி.மீ. ஓட்டை ஆறு இருக்க வேண்டும். இரண்டிரண்டாக, ஒரு ஜோடிக்கு அடுத்தது 90 டிகிரி திருப்பி, இடைவெளி விட்டுப் போடுங்கள். ஓட்டை சிறிதாக இருந்தால் ராடே தடுத்துக்கொண்டிருக்கும், வால்வுக்கு வேலையே இருக்காது. மேலே இருக்கும் சின்ன ரீபவுண்டு ஓட்டையை மட்டும் தொடக் கூடாது. பிசிறு நீக்கிக் கழுவி, வால்வின் தடிமன் அளவுக்கு ஸ்பேசரைக் குறையுங்கள். இதற்குப் பிறகு ஆயிலின் தடிப்பு ரீபவுண்டை மட்டும்தான் ஆளும். 15 எடை (15W) ஃபோர்க் ஆயிலில் தொடங்கலாம்.

ஆயில் மட்டத்தை, ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுதும் அமுக்கி, பைப் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். 150 மி.மீ.யில் ஆரம்பித்து, கடைசியில் இடித்தால் 10 மி.மீ. உயர்த்துங்கள். காற்றிடம் குறைந்தால் கடைசி அசைவு இறுகும். அளவு மீறினால் சீல் தாங்காது.

கடைசியாக ஆக்சில். ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, கால்கள் தாமாக நேரே நின்ற பிறகுதான் ஆக்சில் கிளாம்ப்பை இறுக்க வேண்டும். இதைச் செய்யாததால் பிடித்துக்கொள்ளும் ஃபோர்க்குகள் ஏராளம்.

வேறு ஃபோர்க் போட்டே தீர வேண்டும் என்றால் டி-ஸ்டெம்மோடு (ஃபோர்க் கால்களைப் பிடிக்கும் கிளாம்பும் ஹேண்டில் திரும்பும் தண்டும்), சக்கரத்தோடு முழு செட்டாக எடுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் முழுக்க அமுக்கி, டயர் மட்கார்டிலோ சைலன்சர் பைப்பிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிளேட் பாட்டத்தில் மாட்டும் இடம் பொருந்தாவிட்டால் அதை ஓட்டவே கூடாது. பிரேக் பிடித்ததும் பிளேட் சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

உங்கள் வண்டியில் பைப்பின் வெளிவிட்டம், முழு நீளம், இரண்டு பைப்பின் மையத்துக்கு இடையே உள்ள தூரம், ஸ்டெம் நீளம், கோன் செட் (ஸ்டெம் சுழலும் பேரிங்) அளவு, ஆக்சில் தடிமன் இவற்றை வெர்னியரில் அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி