பரணில் கிடக்கும் ஜி.ஐ. ஜோவும் சென்னை காமிக் கானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாவான காமிக் கான் பற்றிய செய்தி என்றாலே கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வந்தவர்களின் படங்கள்தான் நாளிதழ்களில் வருகின்றன. அந்த வேடங்களுக்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அரங்குக்குப் பழைய பொம்மைகளையும் காமிக்ஸையும் தேடி வருகிறவர்களும், தங்களிடம் இருப்பதைக் காட்டிப் பேச வருகிறவர்களும் உண்டு. செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் வெறும் கையோடு போகாமல், எதையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

எம்.ஆர்.எஃப். நிறுவனம் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டே ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரர் பொம்மைகளை இந்தியாவில் வார்த்து விற்றது. அச்சு அதே அச்சு; நிறமும் சாயமும் பல பொம்மைகளில் வேறு. அந்த வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பதிப்பைத் தேடி அலைகிறார்கள். இங்கேயோ, பங்காளிகள் கூடி வீட்டை ஒழிக்கும்போது தூணும் எனாமல் அடுக்கும் பர்மா பெட்டியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன, பரணில் கிடந்த பொம்மைகள் மட்டும் பிளாஸ்டிக் கணக்கில் எடைக்குப் போகின்றன. இதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அடையாளம் காண்பது எளிது. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். முதுகில் ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. உடலில் பொடி எழுத்தில் ஓர் ஆண்டு பொறித்திருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அது அச்சின் காப்புரிமை ஆண்டு, பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. ‘1983’ என்று இருப்பதால் 1983-ல் செய்த பொம்மை என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம். பொம்மை வந்த அட்டை கிடைத்தால் அதையும் தூக்கி எறியாதீர்கள். பின்புறத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயர், பணி, பிறந்த ஊர் எல்லாம் அச்சிட்ட குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதிய லாரி ஹாமாதான் மார்வெல் பதிப்பகம் 1982 முதல் 1994 வரை 155 இதழ்களாக வெளியிட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸில் மிகப் பெரும்பகுதியையும் எழுதியவர். 21-வது இதழில் வசனமே கிடையாது, முழுக் கதையையும் படங்களே சொல்கின்றன. ஆங்கிலம் வராத பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டிய இதழ் அது.

பரணிலிருந்து எடுக்கும் பொம்மை பெரும்பாலும் இடுப்பில் இரண்டாகக் கழன்று கிடக்கும். உடைந்துவிட்டது என்று எறிகிறார்கள். மார்பையும் கால்களையும் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டு வீட்டுப் பரணின் வெக்கையில் ரப்பர் காய்ந்து வெடிக்காமல் என்ன செய்யும்? ஓ-ரிங் என்று கேட்டால் அதே மாதிரி வளையம் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அறுந்த துண்டையும் பொம்மையையும் கையோடு கொண்டுபோய்த் தடிமனையும் விட்டத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். தடிமன் கூடினால் கால்களை அசைக்கும்போது இடுப்புத் துண்டு விரிந்து முறியும். குறைந்தால் பொம்மை தள்ளாடும், நிற்காது.

மாற்றும்போது ஓர் எவர்சில்வர் தட்டில் ஒரு நேரத்தில் ஒரு பொம்மையை மட்டும் பிரியுங்கள். இரண்டைச் சேர்த்துப் பிரித்தால் கைகள் மாறிப்போகும். குப்புறப் படுக்கவைத்து ஸ்க்ரூவைக் கழற்றினால் முதுகுப் பாதி தனியே வரும், தலையும் இரு கைகளும் தாமாகவே கழன்றுகொள்ளும். பழைய ரப்பரின் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில் புது வளையத்தின் ஒரு முனையை மாட்டுங்கள். இடுப்புத் துண்டின் வழியே மேலே இழுத்து மறுமுனையை மார்புக்குள் இருக்கும் முளையில் போட்டுவிட்டு, தலையையும் கைகளையும் அவற்றின் குழிகளில் வைத்து மூடலாம். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். பழைய தடத்தில் ‘டக்’கென்று இறங்குவது விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கமாக முடுக்குங்கள். இப்படிச் செய்யாமல் எடுத்த எடுப்பில் முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புதுத் தடம் வெட்டும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனால் ஸ்க்ரூ நிற்கவே நிற்காது.

அடுத்தபடியாக உடைவது கட்டைவிரல். துப்பாக்கியின் பிடியைக் கையில் பலவந்தமாகத் திணிப்பதால்தான் உடைகிறது. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பொம்மையின் கையை ஒரு நிமிடம் வைத்தால் விரல் இளகி வழிவிடும். பயணத்தில் ஆயுதத்தைக் கையிலேயே விட்டுவிடாமல் பொம்மைக்கு ஒரு சிறு உறையில் தனியே போடுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். பழைய பருத்தி வேட்டித் துணி போதும். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காய வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நிறம் திரும்பும், ஆனால் பொம்மை நொறுங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. மஞ்சளாகவே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. அந்துருண்டை போட்ட பெட்டியில் பொம்மைகளை ஒருபோதும் வைக்காதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காமிக்ஸைப் பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

பயணத்துக்கு வருவோம். சென்னையின் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அங்கே விழா நடக்கும்போது, காரைக்குடியிலிருந்து அதிகாலைப் பல்லவன் ரயிலில் போய் அன்றே பல்லவனில் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எழும்பூரை அடையவே நண்பகல் ஆகிவிடும், திரும்பும் வண்டியோ நான்கு மணிக்கு முன்பே புறப்பட்டுவிடும். இராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு வண்டியே சரி. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை வந்தால் அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, நிகழ்ச்சித் தேதி வந்ததுமே நாளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அரங்கில் கூட்டம் கூடினால் கைப்பேசி இணைப்பு திணறும். நுழைவுச் சீட்டைப் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, சில்லறை நோட்டுகளும் எடுத்துச் செல்லுங்கள். அரிய பொருளைத் தேடுபவர் முதல் நாள் காலையிலும், விலை பேச நினைப்பவர் கடைசி நாள் மாலையிலும் போவது நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்கிறோம். வளையம் மாற்றியதையும், வேறொரு பொம்மையின் கையை எடுத்து மாட்டியதையும், சாயம் பூசியதையும் கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வளையம் மாற்றியதால் மதிப்புக் குறையாது. மறைத்தது தெரிந்தால் அதன் பிறகு உங்கள் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் உருமாறும் ரோபோ பொம்மைகளின் ரசிகர்கள் அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் 1994-ல் தொடங்கிய பாட்கான், ரசிகர்கள் தாங்களாகவே கூட்டிய சந்திப்புதான். அதைப்போல ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, காரைக்குடிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஏன் கூடக் கூடாது? பத்து மேசைகள், ஒரு டப்பா ஓ-ரிங், நான்கு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் தொடங்கிவிடலாம். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளிலிருந்து வரும் பொம்மைகளை அங்கேயே நிமிர்த்தி நிற்க வைக்கலாம். அதுவரை, பரணை ஒழிக்கிறவர்கள் பழைய பிளாஸ்டிக் மூட்டையை எடைத் தராசில் வைக்கும் முன் ஒருமுறை தரையில் கொட்டிப் பார்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொம்மை, காமிக்ஸ் சேகரிக்கும் வாசகர்கள்,
காரைக்குடி.