ஒரே ஒரு ஹிட், முப்பது ஆண்டு மேடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். எல்.எஸ்.டி. போதை மருந்து, நீண்ட தலைமுடி, சாயம் தோய்த்த பனியன் எல்லாம் இருந்தன. 1965 முதல் 1995 வரை அந்தக் குழு எப்படித் தாக்குப்பிடித்தது என்பது மட்டும் இல்லை. "அவர்களிடம் பிரம்மாண்டமான ஸ்பீக்கர்கள் இருந்தன" என்று ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முப்பது ஆண்டில் சுமார் 2,300 கச்சேரிகள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்த பாட்டு ஒன்றே ஒன்று. அதுவும் 1987-ல், ஒன்பதாம் இடம். ஆக, இவர்கள் இசைத்தட்டு விற்றுப் பிழைத்தவர்கள் அல்ல, டிக்கெட் விற்றுப் பிழைத்தவர்கள். இன்று வந்தவர் நாளை அடுத்த ஊருக்கும் வர வேண்டுமானால், நேற்று வாசித்ததையே இன்றும் வாசிக்கக் கூடாது. கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். முதலாவதைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லிவிட்டார். இரண்டாவதற்கு அவர்கள் கொட்டிய பணமும் உழைப்பும்தான் விடுபட்டுவிட்டன.

கிதார், பேஸ் (கீழ் ஒலி தரும் கிதார்), குரல் எல்லாவற்றையும் கலந்து ஒரே ஸ்பீக்கருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பேஸுக்காக ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் பெரிதாக அசையும். அதே கூம்பின் மேல் குரலும் சவாரி செய்வதால் குரலும் சேர்ந்து ஆட்டம் காணும். சத்தம் கூடக் கூட எல்லாம் கலங்கிப்போகும். கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி கேட்ட எவருக்கும் இது தெரியும். ஆவ்ஸ்லி ஸ்டான்லி என்ற ஒலி அமைப்பாளரும் (போதை மருந்து தயாரித்தவர் என்று மட்டும் கட்டுரை அறிமுகப்படுத்தும் அதே ஆள்) அலெம்பிக் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ரான் விக்கர்ஷாம் முதலானோரும் கண்ட தீர்வு, கலக்கவே வேண்டாம் என்பது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர், தனித்தனி ஸ்பீக்கர் அடுக்கு. குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஃபில் லெஷின் கிதாரில் நான்கு கம்பிகளையும் நான்கு தனி வழிகளில் அனுப்ப முடிந்தது. அடுக்குகள் அவ்வளவு உயரமாக நின்றதற்கும் காரணம் உண்டு. பேஸின் தடித்த கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே எட்டு மீட்டருக்கு மேல். குட்டையான பெட்டியால் அதைக் கூட்டத்தை நோக்கித் திருப்ப முடியாது. அது நாலாபுறமும் சிதறிவிடும்.

1974 மார்ச் 23 அன்று சான் பிரான்சிஸ்கோ அருகேயுள்ள கௌ பேலஸ் அரங்கில் முழு அமைப்பும் மேடையேறியது. 'வால் ஆஃப் சவுண்ட்', அதாவது ஒலிச்சுவர், என்பது அதன் பெயர். மூன்று மாடி உயரம், சுமார் அறுநூறு ஸ்பீக்கர்கள், 26,400 வாட். ஆம்ப்ளிஃபையர்கள் மெக்கின்டாஷ் எம்சி2300. ஒவ்வொன்றும் 58 கிலோ, அப்படி நாற்பதுக்கும் மேல். அறுநூறு அடி தூரத்திலும் ஒலி துல்லியமாக இருந்தது. கால் மைலுக்கு அப்பால்தான் காற்றில் கலையும்.

சுவர் நின்ற இடம் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால். அதனால் கூட்டம் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள். மேடையில் இருப்பவர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்கத் தனி ஸ்பீக்கர் (மானிட்டர்) வேண்டியதில்லை. அவரவர் சத்தத்தை அவரவரே கூட்டிக் குறைத்தார்கள். ஆனால் ஸ்பீக்கருக்கு எதிரே மைக் இருந்தால் வீல் என்று அலறுமே? அதற்கு அவர்கள் செய்த வேலை அழகானது. ஒரே மாதிரியான இரண்டு மைக்குகளை 60 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றின் துருவத்தை மாற்றி இணைத்தார்கள். தூரத்துச் சுவரின் ஒலி இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய சமமாக விழுவதால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். பாடுபவர் மேல் மைக்கில் உதடு உரசப் பாடுவதால் குரல் அதில் மட்டும் பலமாக விழுந்து மிஞ்சும்.

குறையும் அங்கேயேதான். பாடகர் நாலு விரற்கடை விலகினாலும் குரலும் இரண்டு மைக்கில் சமமாகி, கழிந்துபோகும். முதலில் போவது குரலின் கனம். உயர்ந்த ஒலிகளின் அலைநீளம் சில சென்டிமீட்டர்தான் என்பதால் அங்கே கழித்தலும் சரியாக நடக்காது. 1974 பதிவுகளில் வாத்தியங்கள் கண்ணாடி போலத் துலங்க, குரல் மட்டும் மெலிந்து ஒலிப்பதற்கு இதுதான் காரணம்; பாடகர்கள் மேல் பழி போடக் கூடாது.

சோதனையிலேயே அடியும் வாங்கினார்கள். 1973 பிப்ரவரி 9, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அரங்கு: புதிய அமைப்பின் முற்கால வடிவத்தில் முதல் பாட்டைத் தொடங்கியதுமே ட்வீட்டர்கள் (மேல் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்கள்) அத்தனையும் கருகின.

சுவரைச் சாய்த்தது ஒலிக்குறை அல்ல, போக்குவரத்து. மொத்தம் 75 டன். நான்கு டிரெய்லர் லாரி, 21 பணியாளர்கள். பூட்டிக் கழற்ற நேரம் போதாமல் சாரம் இரண்டு செட் வைத்து, ஒன்றில் வாசிக்கும்போதே மற்றதை அடுத்த ஊரில் எழுப்பினார்கள். எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை வேறு ஏறியிருந்தது. 1974 அக்டோபரில் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். மறுபடி ஊர் ஊராகக் கிளம்பியது 1976 ஜூனில்தான், சாதாரண அமைப்போடு. "இசைச் சலிப்பால் ஓய்வு" என்கிறது கட்டுரை. சலிப்பும் இருந்திருக்கலாம், கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒலிநாடா. "ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தனர்" என்று எழுதியிருப்பது பாதி உண்மை. குழு தடுக்கவில்லை, விற்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ரசிகர்களின் மைக் கம்பங்கள் ஒலிப்பலகையில் (ஒலிகளைக் கலந்து அளவிடும் மேசை) இருப்பவரின் பார்வையை மறைக்கவே, 1984 அக்டோபரில் பலகைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்று தனி இடமும் தனி டிக்கெட்டும் வந்தன. அந்நாளில் காலி கேசட்டையும் தபால்தலையையும் பதிவு வைத்திருப்பவருக்கு அனுப்பினால் நகல் வரும். காசு கைமாறாது.

அதிலும் கைப்பக்குவம் வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். கச்சேரியின் இரண்டாம் பாதி அதைத் தாண்டும். ஆகவே டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வரும் நேரம் பார்த்துப் பக்கம் திருப்புவார்கள் (தாளப் பிரியர்கள் மன்னிக்க). பேட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். வீட்டில் சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிக் கேட்கும். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல் ஒலிகள் மழுங்கும். நகலுக்கு நகல் இரைச்சல் கூடும். அதனால்தான் எத்தனையாவது தலைமுறை நகல் என்று கேசட் அட்டையிலேயே குறித்தார்கள்.

அந்த டிரம்ஸ் வாசித்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட்டுக்கு நம்மூர்த் தொடர்பு உண்டு. தமிழ் நாளிதழில் அது விடுபட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஜாகிர் உசேனோடு சேர்ந்து அவர் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது ஏற்படுத்தப்பட்ட முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றது அந்தத் தொகுப்புதான்.

கேட்டுப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வழி: இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேதி போட்டுத் தேடினால் கச்சேரி வரும். 'எஸ்பிடி' (SBD) என்றிருந்தால் ஒலிப்பலகையிலிருந்து நேராக எடுத்தது. குரல் துலக்கம், கூட்டத்தின் ஆரவாரம் குறைவு. 'ஏயுடி' (AUD) என்றால் கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்தது. அரங்கின் கார்வையும் சேர்ந்து வரும். முதலில் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அடுத்து 1974 கோடைகாலத்தில் ஏதாவது ஓர் ஏயுடி. இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஒலிச்சுவர் என்ன செய்தது என்பது பத்து நிமிடத்தில் பிடிபடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி