சாட்சிக் கூண்டில் ஏறும் முன்பே: கொங்கு மாவட்ட நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீதிபதிகளுக்கு வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களில் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்குத் தலைவராக இருக்கும் முதன்மை மாவட்ட நீதிபதிகளாகிய உங்களுக்கு இந்த மடல். ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களோடும் பிள்ளைகளோடும் கோர்ட்டுக்குத் துணைக்குப் போய்வருபவள் நான். வக்கீல் அல்ல, மருத்துவரும் அல்ல. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்து ஒன்று கேட்கிறேன். இந்த வழக்குகளை விசாரிக்கும் மகிளா நீதிமன்றங்களிலும் போக்சோ நீதிமன்றங்களிலும் மனநல உதவி என்பது நீதிமன்றத்தின் ஓர் அங்கமாகவே இருக்க வேண்டும். மீட்கப்பட்ட முதல் நாளிலேயே அது தொடங்க வேண்டும். மீட்கப்பட்டவள் சாட்சி சொல்கிறாளா இல்லையா என்பதோடு அதை முடிச்சுப் போடக் கூடாது.

நம் பக்கம் ஆள்கடத்தல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கேஸ் கட்டுகளில் படித்திருப்பீர்கள். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாரையும் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவது இங்கே அபூர்வம். ஊருக்கே தெரிந்த ஏஜெண்ட் வருவார், வீட்டில் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுப்பார், பிள்ளையை ரயிலேற்றிவிடுவார். ஒரு காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்து சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூல் மில்களுக்குக் கூட்டிவந்தார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பினால் அதுவும் போச்சு. இன்றைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று அந்த ரயில் நீண்டிருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அட்வான்ஸ் கடனை அடைக்க முடியாமல் ஒரே தறிப்பட்டறையில் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் உண்டு. வேலை என்று சொல்லிக் கூட்டிவந்து லாட்ஜில் அடைத்துவைக்கும் வழக்குகள் இன்னொரு பக்கம். எல்லா மில்லும் எல்லாப் பனியன் கம்பெனியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, கேட்டைத் திறந்துவைத்து நடத்துபவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் தப்பு நடந்த இடத்தில் அதை என்னவென்று சொல்வது என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. மிரட்டியோ ஏமாற்றியோ ஆசைகாட்டியோ சுரண்டலுக்காக ஆளைக் கொண்டுவந்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி அது ஆள்கடத்தல். 'அவளே சம்மதித்துத்தான் வந்தாள்' என்ற வாதம் அங்கே எடுபடாது.

மீட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

மில் விடுதியிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண். காப்பகத்துக்குக் கூட்டிப்போன மறுநாள் காலையில், பிள்ளைகளை எழுப்ப அங்கே மணி அடித்தார்கள். மற்றவர்கள் புரண்டு படுத்தார்கள். இவள் எழுந்து, முடியைச் சுருட்டிக் கட்டி, துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டு, கதவோரம் போய் நின்றுவிட்டாள். பஞ்சுத் தூசிக்குக் கட்டுகிற கட்டு அது. 'ஷிப்ட் எல்லாம் இல்லை, உட்காரு அம்மணி' என்று வார்டன் சொல்லியும் உட்காரவில்லை. யாராவது வந்து தலையை எண்ணுவார்கள் என்று காத்து நின்றாள். நான் போய்ச் சேர்ந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அந்தக் காப்பகத்தின் கேட்டிலும் பூட்டு. போனை அங்கேயும் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மீட்டாயிற்று என்று ஃபைலில் எழுதியாயிற்று. அவளைப் பொறுத்தவரை விடுதி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் இருப்பவளைத்தான் சில நாட்களிலேயே மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலத்துக்கு அழைத்துப் போகிறோம். பல மாதம் கழித்து, சில வழக்குகளில் பல வருடம் கழித்து, சம்மன் அனுப்பி மறுபடியும் வரச் சொல்கிறோம். ராத்திரியெல்லாம் தூங்காமல் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வருவாள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா போடுவார்கள். வராண்டாவில், கூப்பிடு தூரத்தில், ஜாமீனில் வந்த ஏஜெண்ட் டீ குடித்துக்கொண்டு நிற்பார். டவாலி வந்து அவள் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். பெயரை வெளியே சொல்லக் கூடாத வழக்குகளிலும் இது நடந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு குறுக்கு விசாரணையைச் சொல்ல வேண்டும். ஒடிசாவின் மேற்குப் பக்கத்துப் பெண். எப்போது வேலைக்குச் சேர்ந்தாய் என்று போலீஸ் கேட்டபோது 'நுவாகாய் முடிந்து' என்று சொல்லியிருக்கிறாள். புது நெல்லை வைத்துக் கும்பிடும் அவர்கள் ஊர்ப் பண்டிகை அது, ஆவணி வாக்கில் வரும். எழுதியவருக்கு அது தெரியவில்லை, தீபாவளி என்று எழுதிவிட்டார். கூண்டில் நின்றபோது வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். தீபாவளியா, அதற்கு முன்பா, எத்தனை மாதம் முன்பு, அப்படியானால் போலீசிடம் சொன்னது பொய்யா? அவளுக்கு மாதக் கணக்கே இல்லை. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்றுதான் காலம் ஓடியிருந்தது. மொழிபெயர்த்தவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் யாரையும் பார்க்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று சொல்கிற ஆமாம் அது. அதை அப்படியே பதிவு செய்துகொண்டார்கள்.

மனநல மருத்துவர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். பயத்தில் உறைந்த மனம் நடந்ததை வரிசையாக அடுக்கிவைப்பதில்லை. ஒரு வாசனையும் சத்தமும் ஒருவன் போட்டிருந்த சட்டையின் நிறமும் அச்சுக் குத்தினாற்போல் நிற்கும். தேதியும் முன்பின்னும் நழுவும். கொடுமையைச் சொல்லும்போது சிலருக்கு அழுகை வராது, யாருக்கோ நடந்ததுபோல் வெறும் குரலில் சொல்வார்கள். இதெல்லாம் காயத்தின் அடையாளம். நம் கோர்ட்டுகளிலோ இது முரண்பாடாகவும், சொல்லிக்கொடுத்துப் பேசுவதாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கடைசியில் அவள் பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதிலிருந்து மாறியவள், ஆகிறாள். பணம் வாங்கிவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். பல நேரம் நடந்தது என்னவென்றால், அந்த அறைக்குள் இன்னொரு நாள் நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் தனி வாக்குமூல மையம் வேண்டும் என்றது. குழந்தைகள் மட்டுமல்ல, பாலியல் வன்முறைக்கு ஆளான பெரியவர்களும், மனநலம் பாதிக்கப்பட்டவர்களும் அதற்குள் வருவார்கள் என்றது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018லிருந்து இருக்கிறது. ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015ல் ஒரு திட்டம் போட்டது. அரசு மனநல சேவை எல்லோருக்கும் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 18ஆம் பிரிவில் சொல்கிறது. தனி அறையும் திரையும் வேண்டும்தான், வரவேற்கிறேன். ஆனால் அறை கட்டினால் உள்ளே அவளோடு யார் உட்காருவது? அவளை முதல் நாளிலிருந்து அறிந்த ஒருவர் இல்லையென்றால் அதுவும் இன்னொரு பூட்டிய அறைதான் அவளுக்கு. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யச் சொல்கிறார்கள். டெலிமானஸ் என்ற அந்தச் சேவை நல்ல சேவை, நானே பலருக்கு எண் கொடுத்திருக்கிறேன். போன் கையில் இல்லாத பெண் எதை வைத்து அழைப்பாள்?

தீர்ப்பு வரட்டும், இழப்பீட்டோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனப்போக்கு ஒன்றும் இருக்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தில், விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. வயிற்றுக்கும் வண்டிச் செலவுக்கும் தீர்ப்பு வரை காத்திருக்க முடியாது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. தூக்கம் போனவள் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?

இதெல்லாம் முடியும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போகவே வேண்டாம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு ஆள்கடத்தல் வழக்கு அல்ல, ஆனாலும் சொல்கிறேன். 2019ல் ஒரு காவல் அதிகாரி பத்திரிகையாளர்கள் முன்னால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அங்கே தொடங்கிய வழக்கு, 2025 மே 13 அன்று கோவை மகிளா நீதிமன்றத்தில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனையில் முடிந்தது. விசாரணை தனி அறையில், வெளியாள் இல்லாமல் நடந்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் அன்றைக்குச் சொன்னார். நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு என்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. யாரும் பார்க்காத வழக்கிலும் அது கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனி நீதிமன்றங்களே இருக்கின்றன. ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நீதிபதி பால் ஹெர்பர்ட் 2009ல் ஒன்றைத் தொடங்கினார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு வரும் பெண்களில் பலர் கடத்தப்பட்டவர்கள் என்று கண்டு, சிறைக்குப் பதில் இரண்டு வருடச் சிகிச்சையும் தங்குமிடமும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் மாநிலம் 2013ல் இப்படிப்பட்ட நீதிமன்றங்களை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. ஐந்தாறு தடவை ஆலோசனைக்குப் போய்வந்தால் பெரும்பாலும் வழக்கு தள்ளுபடியாகும். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே மனநல உதவி கிடைக்க முதலில் கைதாக வேண்டும், விலங்கு மாட்டப்பட வேண்டும். இது உதவியா தண்டனையா என்று அந்தப் பெண்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும் கேட்டார்கள். 2021ல் மன்ஹாட்டனின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் பாலியல் தொழிலுக்காகப் பெண்கள்மேல் வழக்கு நடத்துவதையே நிறுத்திவிட்டது. அவர்களிடமிருந்து, கோர்ட்டும் மனநல மருத்துவரும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதை எடுத்துக்கொள்வோம். கட்டாயத்தை விட்டுவிடுவோம். வயது வந்த பெண்களை அவர்கள் விருப்பமில்லாமல் காப்பகத்தில் வைத்திருப்பது பற்றி நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதைத்தான். மீட்பு நடந்த அன்றே ஒரு மனநல ஆலோசகரை ஆணைக்குழு நியமிக்கட்டும். வழக்கு முடியும்வரை அதே ஆள் இருக்கட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுமுகம் வந்து 'என்னம்மா நடந்தது' என்று முதலிலிருந்து கேட்பதைப்போல் கொடுமை வேறில்லை. சாட்சி நாளுக்கு முன் அவள் காலியான கோர்ட் அறையைப் போய்ப் பார்க்கட்டும். யார் எங்கே உட்காருவார்கள், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளட்டும். ஊர் திரும்பிப் போய்விட்டால் அங்குள்ள மாவட்ட ஆணைக்குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்து, இடையில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்குச் சாட்சி சொல்ல முடியவில்லை என்றாலும் ஆலோசகர் வந்துகொண்டே இருக்கட்டும்.

மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடியாவும் இந்தியும் சந்தாளியும் தெரிந்தவர்களின் பட்டியல் ஆணைக்குழுவின் கையில் இருக்க வேண்டும். ஒரு முறை மொழிபெயர்க்க வந்தவரே அந்த வட்டாரத்துக்கு ஆள் கொண்டுவரும் ஏஜெண்டுக்கு வேண்டியவராக இருந்தார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஏன் என்று பின்னால்தான் எங்களுக்கு விளங்கியது.

ஆலோசகரிடம் அவள் பேசுவது அங்கேயே இருக்க வேண்டும். 2017 மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது, விதிவிலக்குகளும் வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புகளைக் கேட்டு எதிர்த்தரப்பு மனுப் போட்டால், லேசில் கொடுத்துவிடாதீர்கள். 'இவளுக்கு மனநோய், இவள் பேச்சை நம்பக் கூடாது' என்று அதே காகிதம் அவளுக்கு எதிராகத் திரும்பும். அது தெரிந்தால் யாரும் ஆலோசகரிடம் உண்மை பேச மாட்டார்கள்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2022ல் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு உங்கள் ஆறு மாவட்டங்களிலும் அது இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் மனநல மருத்துவர் ஒருவர் நீதிமன்ற வளாகத்துக்கு வர, மருத்துவக் கல்லூரி முதல்வரோடு நீங்கள் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் போதும். முழுநேர ஆலோசகருக்குத்தான் பணம் வேண்டும். அதற்கு மாநில ஆணைக்குழுவிடம் எழுதுங்கள். நாங்களும் எழுதுகிறோம்.

இதில் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டிய காரியங்கள் சில இருக்கும், உங்கள் அளவிலேயே நாளைக்குத் தொடங்கக்கூடியவை சில இருக்கும். காலி அறையை முன்கூட்டிக் காட்டுவதற்கும், டவாலி பெயர் கூப்பிடுவதை நிறுத்தி ஒரு எண்ணைக் கொடுப்பதற்கும், ஏஜெண்ட் நிற்கும் வராண்டா வழியாக அவளைக் கூட்டிவராமல் இருப்பதற்கும் யாருடைய நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. உங்கள் ஆணைக்குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை எடுத்துக்கொண்டு, எதை எப்போது செய்ய முடியும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். எந்த மாவட்டம் முதலில் தொடங்கினாலும் துணைக்கு வந்து உட்கார எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்டத்திலிருந்து,
நீதிமன்றத் துணையாளர் ஒருத்தி