நம்ம மைதானம்

பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 17

எய்யா,

அம்மா எழுதுகிறேன். புக்கிட் ஜாலிலில் மேட்ச் பார்க்கப் போனபோது நீ எடுத்து அனுப்பிய படத்தை அப்பா தெருவில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டார். 1998-இல் காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது, எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். எல்லாம் சரிதான். ஆனால் கோலாலம்பூர் போய் ரெண்டு வருஷமாகியும் நம்ம மைதானத்துக்கு நீ இன்னும் போகவில்லை. மெர்டேக்கா ஸ்டேடியத்தைத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் இங்கே வ.உ.சி. மைதானத்தில் கலெக்டர் கொடியேற்றினார். வழக்கம்போல் போய் நின்றேன். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம்தான். கப்பல் விட்டவர் பேரில் மைதானம் இங்கே இருக்கிறது. தாத்தாவோ பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி மலாயா போனவர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார்.

1957 ஆகஸ்ட் 31, மலாயா வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை பெற்ற நாள். அன்று காலையில் மழை, விழாவே தாமதமாகத்தான் தொடங்கியது. தாத்தா அந்த ஸ்டேடியத்தில் நனைந்த படிக்கட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சுற்றிலும் இருபதாயிரம் பேர். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் வலது கையை உயர்த்தி ‘மெர்டேக்கா’ என்றார். விடுதலை என்று அர்த்தம். கூட்டமும் திருப்பிச் சொன்னது. “ஏழு தடவை சொன்னாரு, நான் எண்ணினேன்” என்பார் தாத்தா. முற்றத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டும்போது அவர் விரல் லேசாக நடுங்கும். பின்னாளில் வரலாறு பாடம் எடுக்கப் போனபோது நான் தேடிப் பார்த்தேன். ஏழேதான்.

துங்கு ஒரு கால்பந்துப் பைத்தியம். 1951-லிருந்தே மலாயாக் கால்பந்துச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நாடு பிறக்கிற அன்று நிற்பதற்கு ஒரு இடம் வேண்டுமென்று, ஒரு வருஷத்துக்குள் அந்த ஸ்டேடியத்தைக் கட்டி முடிக்க வைத்தார். அரண்மனை வாசலிலோ கோட்டைக் கொத்தளத்திலோ இல்லாமல் பந்து விளையாடுகிற இடத்தில் ஒரு நாடு பிறந்ததே, அது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. சீனக் கடைக்காரர், மலாய் போலீஸ்காரர், நம்ம மளிகைக்கடை ஆள் எல்லாரும் தோளோடு தோள் உரசி நிற்க ஊர் நடுவில் ஒரு இடம். ஒரு தலைநகரத்துக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம் வருஷா வருஷம் அங்கே மெர்டேக்கா கோப்பைக் கால்பந்துப் போட்டி. நம்ம இந்தியா 1959-லும் 1964-லும் இரண்டாம் இடம் வந்தது. இந்தியா ஆடுகிற அன்று எந்தப் பக்கம் கத்துவது என்று தெரியாமல் தாத்தா ரெண்டு பக்கமும் கத்துவாராம்.

குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொல்லி அவரிடம் சொல்லாதவர்கள் இல்லை. ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டார். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க பெர்மிட் வேண்டுமென்றானது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பி வந்தார்கள். தாத்தாவும் வந்தார், 1970-இல், ஒரு தகரப் பெட்டியோடு. எனக்கு அப்போது எட்டு வயசு. அந்த ஊரைப் பற்றி ஒரு நாளும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

1980-இல் கிள்ளானிலிருந்து சித்தப்பா ஒரு கடிதம் போட்டார். அதே மைதானத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மலேசியா ஒலிம்பிக்குத் தகுதி பெற்றதும், கோல் காத்தது நம்ம ஆறுமுகம் என்பதும் அதில் இருந்தது. நீளக் கையை வைத்து அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்பார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அந்தப் பிள்ளைகள் போகவே இல்லை. அந்தக் கடிதத்தைத் தாத்தா மடித்து மடித்தே கிழித்துவிட்டார்.

நடுவில் ஒரு காலத்தில் ஸ்டேடியத்தை இடித்துவிட்டுக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். நல்லவேளை, பிழைத்தது. பின்னாளில் ஏற்றிக் கட்டிய மேலடுக்குகளை எடுத்துவிட்டு 1957-இல் இருந்தபடியே ஆக்கினார்கள். அதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இப்போது பக்கத்திலேயே 118 மாடிக் கோபுரம் நிற்கிறது. அதை நீ தினமும் பார்த்திருப்பாய். அதன் காலடியில் இருப்பதைத்தான் பார்க்கவில்லை.

31-ஆம் தேதி உனக்கு லீவுதானே. எம்ஆர்டி ரயிலில் மெர்டேக்கா ஸ்டேஷனில் இறங்கு. உள்ளே விட்டால் படிக்கட்டில் அரைமணி நேரம் உட்கார். விடாவிட்டால் வாசலில் நின்று உள்ளே பார். போனில் சொல்லாதே, எழுது. படிக்கட்டு எவ்வளவு உயரம், உட்கார்ந்தால் கால் எட்டுமா, மேல்வரிசையிலிருந்து கொடிக்கம்பம் தெரிகிறதா, எல்லாம் எனக்கு வேண்டும். தாத்தா நின்றது மேல்வரிசையில்.

கூழ் வற்றலும் சுக்குப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன். வற்றலை வெயிலில் ஒரு தடவை காயவைத்துவிட்டுப் பொரி.

அம்மா