பிரிக்காத பெட்டிகள்

அன்புள்ள பாப்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை உன் அப்பா மணி பார்த்து ஊற்றுகிறார், பாதி கன்னத்தில் வழிகிறது. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். செய்தி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

முன்னெல்லாம் போன் போட்டால் "நல்லா இருக்கேம்மா" என்றாவது சொல்வாய். இப்போது கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதமென்றால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. உனக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

உன்னோடு இருந்த அந்த நாலு நாளில், அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளை நான் எண்ணவில்லை. சரி, எண்ணினேன். பதினொன்று. ஒன்றைக்கூட நீ பிரித்திருக்கவில்லை. என்ன இதெல்லாம் என்று கேட்டதற்கு, "எனக்கு நானே குடுத்துக்கற பரிசும்மா, ஆபீஸ் டென்ஷனுக்கு" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்துவைத்தேன். ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது உன் கதவிடுக்கில் போன் வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து படுத்துக்கொண்டேன்.

நீ சம்பாதிக்கிறாய், உன் காசு, உன் இஷ்டம். இந்த வயதில் இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறாள் என்று உன்னைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத ஆள் கிடையாது. தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான், அவனைப் பற்றி உனக்கே தெரியும். நானும் கேட்கவில்லை. உன் பேச்சு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன், அத்தோடு சரி.

பரிசே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிரித்துப் பார்க்கத் தோன்றாத பரிசை எதற்கு வாங்குகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மூளையில் டோபமைன் என்று ஒன்று சுரக்கிறதே, அதன் ஆட்டமெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகைவிட, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில்தான் அதிகம். பட்டனை அழுத்தும்வரை குஷியாக இருக்கும். பெட்டி வாசலுக்கு வருவதற்குள் அது வடிந்துவிடும். அப்புறம் இன்னொரு பட்டன். தூக்கம் கெட்ட மூளைக்கு வேண்டாம் என்று சொல்கிற தெம்பும் குறைவு. பிடித்ததைக் கூடையில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் பார், பாதி வேண்டியிருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் தூங்கு. 7 மணி நேரமாவது தூங்கு. போனை வேறு அறையில் வை.

நான் முப்பது வருஷம் வார்டில் நின்றவள், தெரியாமல் சொல்லவில்லை. ஒன்று செய்து பார். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடி. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தளரும். உன் வயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைத் தணிக்கிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்வது இதனால்தான். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, ஐந்து நிமிஷம் போதும். ஆபரேஷனுக்கு முன்னால் கை நடுங்கிக்கொண்டு படுத்திருந்த எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் மேஜைமேல் நானே படுத்திருந்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது, பரவாயில்லை.

அப்புறம் நட. வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் நடக்க வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமாகவும் சேர்த்துக்கொள்ளலாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு, அதற்கென்று புது ஷூ வாங்கிவிடாதே.

இன்னொன்றும் உண்டு. 1984ல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னலில் மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், அதை வைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்ல முடியாது. எனக்கு அது பிடித்துப்போன காரணமே வேறு. அந்த மனுஷர் நர்ஸ்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறார். எங்கள் கிறுக்கலையும் ஒருத்தர் மதித்துப் படித்திருக்கிறார் பார்! உன் மேஜை சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே இருந்து படித்தேன். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ கதைப் புத்தகத்தோடு சாய்ந்தால், "வேறு வேலை இல்லையா உனக்கு" என்று கேட்டவள் நான்தானே. சும்மா இருப்பதும் நமக்கு நாமே செய்துகொள்கிற உபகாரம் என்று ஒரு நாளாவது உனக்குக் காட்டினேனா?

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நைட் டியூட்டி முடிந்து வந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். குளிக்க மாட்டேன். வாளி நிரம்பி வழியும், எழுந்து மூடத் தோன்றாது. அந்த இருபது நிமிஷம்தான் எனக்குக் கிடைத்த ஓய்வு. வார்டில் ஊருக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி சொல்லிவிட்டு, வீட்டில் இப்படி. ஒரு நாள் நீ கதவைத் தட்டினாய். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஏதோ படம் வரைந்து எடுத்து வந்திருந்தாய். கதவைத் திறந்து என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. நீ அந்தத் தாளை நாலாக மடித்ததுதான் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் நீ அந்தக் கதவைத் தட்டவே இல்லை. சமர்த்துப் பிள்ளை, தொந்தரவே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்து நின்ற ராத்திரியில் எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. தட்டியிருக்க வேண்டும். கத்துவாயோ என்று பயமாக இருந்தது.

பிரிக்காத பெட்டிகளில் சிலவற்றையாவது இன்னும் திருப்பி அனுப்ப முடியுமா பார், கெடு தாண்டியிருக்காது. முடியாதென்றால், பணம் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. தம்பியை விடு, அவனுக்கே ஆயிரம் இருக்கிறது. நான் கணக்குக் கேட்க மாட்டேன். கேட்பேன், ஒரு தடவைதான் கேட்பேன்.

மருந்து ஊற்ற அப்பா கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. முடியாவிட்டால் பரவாயில்லை. இல்லை, பண்ணு. பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டிரு, நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: போனை வேறு அறையில் வைக்கச் சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்திலேயே வை.